இலக்கணம் படித்தும் ஆங்கிலம் ஏன் நழுவுகிறது?

அந்தேரியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன, தாராவியில் தங்கியிருக்கிறார். தடித்த ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்றை இரண்டு முறை முடித்துவிட்டாராம். பயிற்சிகளில் விடை சரியாக வருகிறது. அலுவலகத்தில் நான்கு வரி எழுதினால் மட்டும் தவறாகிவிடுகிறது. ஏன் என்பது அவருடைய கேள்வி. தான் எழுதிய கடிதத்தையும் மேலாளரின் பதிலையும் சேர்த்தே அனுப்பியிருப்பதால் பொதுவாகப் பேச வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

அவர் எழுதியது: "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ். யெஸ்டர்டே சம்படி ஹேஸ் டேக்கன் ஃபைல் ஃப்ரம் மை டெஸ்க். ஐ நீட் சம் அட்வைசஸ் அபவுட் ட்ரான்ஸ்ஃபர்."

வந்த பதில்: "வீ ஹேவ் டேபிள்ட் யுவர் ரிக்வெஸ்ட். டு யூ மைண்ட் வெயிட்டிங் டில் ஏப்ரல்? ப்ளீஸ் பேர் வித் அஸ்."

இதற்கு அவர் மகிழ்ச்சியோடு "எஸ் சார், தேங்க் யூ" என்று எழுதியிருக்கிறார். மறுநாள் மேலாளர் நேரே அவருடைய மேசைக்கு வந்து, காத்திருக்க என்ன தடை என்று கேட்டாராம்.

நான் மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, வேலை முடிந்து வருகிறவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். இந்த ஆறு வரிகளில் இருப்பவை அநேகமாக என்னிடம் வரும் எல்லோருக்கும் உள்ள சிக்கல்கள். என் அனுபவத்தில் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்: நம் ஆட்கள் தடுமாறுவதற்குத் தமிழ் காரணமாக இருப்பது குறைவு. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு, அந்தச் சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல் விடுவதுதான் பெரும்பாலும் காரணம். வேலையைப் பார்த்தால், அதே வேலையைச் செய்யும் ஏதோ ஒன்று தமிழில் பெரும்பாலும் இருக்கிறது. நீங்கள் அதை மூன்று வயதிலிருந்து பிழையில்லாமல் பயன்படுத்தி வருகிறீர்கள்.

முதல் வரியைப் பாருங்கள். தமிழில் இதை எப்படிச் சொல்வீர்கள்? "மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன்." தேதியைச் சொல்வதென்றால் "2022 முதல்" அல்லது "2022-லிருந்து" என்பீர்கள். கால அளவுக்கு 'ஆக', தொடங்கிய புள்ளிக்கு 'முதல்' அல்லது 'இருந்து'. இரண்டையும் தமிழர் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் 'ஃபார்' என்பது அந்த 'ஆக'. 'சின்ஸ்' என்பது அந்த 'முதல்'. அப்படியானால் உங்களுக்கு ஏன் தவறுகிறது? மூன்று ஆண்டுகளாக உங்கள் காதில் விழுவது இந்தி. அதில் 'தீன் சால் ஸே' என்றாலும் 'ஸே', ஆண்டைச் சொன்னாலும் அதே 'ஸே'. மராத்தியிலும் 'பாசூன்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தும். மும்பை அலுவலகங்களில் 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளைவிட இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இதில் அதிகமாகத் தவறுவதை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். எழுதும் முன் மனத்துக்குள் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். 'வருடமாக' என்று வந்தால் 'ஃபார்'.

அதே வரியில் 'ஐ ஆம் வொர்க்கிங்' என்பது வேறு வகை. தமிழில் நிகழ்காலம் போதும். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும்கூட இந்த இடத்தில் நிகழ்காலத்தையே வைக்கிறார்கள். ஆங்கிலம்தான் தனி வழியில் போகிறது: முன்பு தொடங்கி இன்றுவரை நீளும் இதுபோன்ற செயலுக்கு 'ஹேவ் பீன்' கேட்கிறது. இதற்குத் தமிழில் துணை தேடிப் பயனில்லை, மனப்பாடமாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வரியை இரண்டு மாலைகள் வைத்துப் பேசலாம். 'யெஸ்டர்டே' என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேஸ் டேக்கன்' வரக்கூடாது என்பது விதி. அந்த விதி உங்களுக்குத் தெரியும், பயிற்சியில் சரியாகப் போட்டும் இருப்பீர்கள். பிறகு ஏன் இப்படி எழுதினீர்கள்? உங்கள் மனத்தில் ஓடியது "நேற்று யாரோ ஃபைலை எடுத்திருக்கிறார்கள்" என்ற தமிழ் வாக்கியம். அது நல்ல தமிழ். இந்த 'இரு' எத்தனை வேலை செய்கிறது என்று கவனியுங்கள். காலையில் கதவைத் திறக்கிறீர்கள், தெரு நனைந்திருக்கிறது. "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறீர்கள். மழையை நீங்கள் பார்க்கவில்லை. ஈரத்தைப் பார்த்து ஊகிக்கிறீர்கள். பார்த்திருந்தால் "மழை பெய்தது" என்றே சொல்லியிருப்பீர்கள். கண்ணால் கண்டது, தடயம் கண்டு ஊகித்தது என்ற வேறுபாட்டைத் தமிழ் ஒரு துணைவினையில் காட்டிவிடுகிறது. ஆங்கில 'ஹேவ்' அந்த வேலையைச் செய்வதில்லை. ஊகத்துக்கு அங்கே 'மஸ்ட் ஹேவ்' வேண்டும்: 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட்'.

அதே 'இரு' வேறு இரண்டு இடங்களிலும் வரும். "அண்ணன் டெல்லிக்குப் போயிருக்கிறான்" என்றால் இப்போது வீட்டில் இல்லை என்று பொருள் கொள்ளலாம். "நான் டெல்லிக்குப் போயிருக்கிறேன்" என்று நீங்கள் என் எதிரே உட்கார்ந்து சொன்னால், முன்பொரு முறை போய் வந்த அனுபவம் என்று பொருள். தமிழில் இரண்டுக்கும் ஒரே வடிவம். சூழல் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலம் முதலாவதை 'ஹேஸ் கான்' என்றும் இரண்டாவதை 'ஹேவ் பீன்' என்றும் பிரிக்கிறது. என் மாணவர் ஒருவர் நேர்முகத் தேர்வில் 'ஐ ஹேவ் கான் டு டெல்லி' என்று சொல்லிவிட்டு, கேட்டவர் ஏன் புன்னகைத்தார் என்று புரியாமல் வந்தார். எதிரே உட்கார்ந்திருப்பவர் டெல்லியில் இருக்க முடியாது அல்லவா! ஆகவே 'இருக்கிறேன், இருக்கிறார்' என்று வாயில் வரும்போது ஒரு கணம் நில்லுங்கள். ஊகமா, அனுபவமா, இப்போதும் அங்கேதான் என்பதா? விடை தெரிந்தால் ஆங்கில வடிவம் தானே வரும்.

அதே வரியில் 'ஃபைல்' முன்னே 'தி' இல்லை. 'தி' எங்கே வரும் என்று இலக்கண நூல்கள் பக்கம் பக்கமாக விதி தருகின்றன. நான் வகுப்பில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தை வைத்துத் தொடங்குவேன். மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பியவரிடம் வீட்டில் கேட்கிறார்கள்: "கறிவேப்பிலை வாங்கினாயா?" பையைக் காலி செய்த பிறகு கேட்கிறார்கள்: "கறிவேப்பிலையை எங்கே வைத்தாய்?" முதல் கேள்வியில் ஏதோ கறிவேப்பிலை, உருபு இல்லை. இரண்டாவதில் இருவருக்கும் தெரிந்த அந்தக் கொத்து, 'ஐ' வந்துவிட்டது. பள்ளியில் இதை இரண்டாம் வேற்றுமை என்று படித்தோம், உருபு மறைந்தால் தொகை என்று படித்தோம். எப்போது மறையும், எப்போது மறையாது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, தேவையும் இருக்கவில்லை. ஆங்கிலத்தின் 'தி' பெரும்பாலும் அந்த 'ஐ' வரும் இடத்தில் உட்காரும். உங்கள் வரியைத் தமிழில் சொல்லுங்கள்: "ஃபைல் எடுத்திருக்கிறார்கள்" என்பீர்களா? "ஃபைலை" என்றுதான் சொல்வீர்கள். மேசையில் இருந்த அந்த ஃபைல். ஆகவே 'தி ஃபைல்'.

எழுவாயில் 'ஐ' வராது. அங்கே தமிழ் சொற்களின் வரிசையால் அந்த வேலையைச் செய்கிறது. "வாசலில் நாய் நிற்கிறது" என்றால் ஏதோ ஒரு நாய், புதுச் செய்தி: 'தேர் இஸ் ஏ டாக் அட் தி டோர்'. "நாய் வாசலில் நிற்கிறது" என்றால் நம் வீட்டு நாய், எங்கே என்று தேடியதற்கு விடை: 'தி டாக் இஸ் அட் தி டோர்'. இரண்டு வாக்கியத்திலும் அதே மூன்று சொற்கள். இந்த இடத்தில் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். தெரியாது என்று நினைத்திருந்தது தெரிந்ததாகவே இருக்கிறது என்று புரியும் அந்த அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த வழி எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். மனிதரைக் குறிக்கும் சொல்லுக்குத் தமிழில் பெரும்பாலும் 'ஐ' வந்தே தீரும். "டாக்டரைப் பார்த்தேன்" என்பதிலிருந்து எந்த டாக்டர் என்று தெரியாது. ஊர், ஆறு, கடல் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் வெறும் மரபுதான்: ஆற்றுக்கும் கடலுக்கும் 'தி' உண்டு, ஏரிக்கு இல்லை. தாராவிக்குப் பக்கத்தில் ஓடுவது 'தி மித்தி', மேற்கே இருப்பது 'தி அரேபியன் சீ', பவாயில் இருப்பது வெறும் 'பவாய் லேக்'.

மூன்றாவது வரியின் 'அட்வைசஸ்' சுருக்கமாகவே முடியும். தமிழில் அறிவுரைகள் உண்டு, தகவல்கள் உண்டு; ஆனால் 'அரிசிகள்' கிடையாது. ஆங்கிலம் அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட் எல்லாவற்றையும் அரிசியைப் போலப் பார்க்கிறது: அளக்கலாம், எண்ண முடியாது. எந்தச் சொல் எண்ணத்தக்கது என்பதைச் சாதாரண அகராதி சொல்லாது. கற்போருக்கென்றே தயாரித்த அகராதி ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் அதைக் குறித்திருக்கும். ஆங்கிலம்–தமிழ் அகராதியோடு அப்படி ஒன்றும் உங்கள் மேசையில் இருக்கட்டும்.

இனி மேலாளரின் பதில். 'டேபிள்ட்' என்றதும் உங்கள் வேண்டுகோள் கூட்டத்தில் வைக்கப்பட்டுவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறீர்கள். பிரிட்டிஷ் வழக்கில் அதுதான் பொருள்; நம் நாடாளுமன்றச் செய்திகளிலும் அப்படித்தான் வரும். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு நேர் எதிர்ப் பொருள்: இப்போதைக்கு ஒதுக்கி வைத்தல். உங்கள் நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல்வரை காத்திருக்கச் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால் ஒத்திவைத்திருக்கிறார்கள் என்றே படிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத் தலைமைகள் இந்த ஒரு சொல்லால் நீண்ட நேரம் வாதாடினார்கள் என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷார் தயாரித்த ஓர் அறிக்கையைப் பற்றிய வாதம் அது; அதை உடனே பேச வேண்டும் என்றே இரு தரப்பும் விரும்பின. அது தெரியாமலே சண்டையிட்டிருக்கின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது என்றால் நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

நம் நாட்டு ஆங்கிலத்துக்கும் இப்படித் தனிப் பொருள்கள் உண்டு. கூட்டத்தை முன்கூட்டி வைப்பதற்கு நாம் சொல்லும் 'ப்ரிபோன்' வெளிநாட்டில் பலருக்குத் தெரியாது. 'பாஸ்ட் அவுட் இன் 2019' என்று எழுதினால் நாம் பட்டம் பெற்றதாக நினைப்போம், அவர்கள் மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். இவை தவறான ஆங்கிலம் என்று நான் சொல்லமாட்டேன். யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்து எழுதினால் போதும்.

'டு யூ மைண்ட்' தான் உங்களைச் சங்கடத்தில் மாட்டிவிட்டது. லோக்கல் ரயிலில் தினமும் கேட்கும் 'மைண்ட் தி கேப்' அறிவிப்பில் 'மைண்ட்' என்றால் கவனி. இங்கே அதன் பொருள் ஆட்சேபி. "ஏப்ரல்வரை காத்திருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்பது கேள்வி. 'எஸ்' என்றால் உண்டு என்றாகிவிடும். இசைவைச் சொல்ல 'நோ' அல்லது 'நாட் அட் ஆல்'. இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி இருக்கிறது. "இன்னும் சாப்பிடவில்லையா?" என்று தமிழில் கேட்டால், சாப்பிடாதவர் "ஆமாம், சாப்பிடவில்லை" என்பார். கேட்டவர் சொன்னதை ஆமோதிக்கிறார். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'நோ' வரவேண்டும். கேள்வி எப்படி இருந்தாலும், பதிலில் இல்லை என்ற செய்தி இருந்தால் 'நோ'. என் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதுதான்: 'எஸ்', 'நோ' என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாதீர்கள், வினையையும் சேருங்கள். 'நோ, ஐ ஹேவன்ட்' என்றால் யாருக்கும் குழப்பம் வராது.

கடைசியாக 'பேர் வித் அஸ்'. அகராதியில் 'பேர்' என்று தேடிக் கரடியையும் சுமப்பதையும் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ் கற்க வந்த ஒரு வெளிநாட்டவரை நினைத்துப் பாருங்கள். 'விட்டுக்கொடு' என்ற சொல்லைப் பிரித்து 'விடு', 'கொடு' என்று தேடுகிறார். விட்டால் எப்படிக் கொடுப்பது? 'கண்டுபிடி'யில் கண்டதைப் பிடிக்கிறாரா? 'பார்த்துக்கொள்' என்றால் யாரைப் பார்ப்பது? நமக்கு இவை ஒற்றைச் சொற்கள். உள்ளே இரண்டு வினைகள் இருப்பதே நினைவுக்கு வராது. ஆங்கிலத்தில் வினையோடு 'அப்', 'ஆன்', 'வித்' சேர்ந்து வருபவையும் அப்படித்தான். 'பேர் வித்' என்பது பொறுத்துக்கொள். 'கிவ் இன்' என்பது விட்டுக்கொடு. 'புட் ஆஃப்' என்பது தள்ளிப்போடு.

அந்தச் சிறு சொற்களுக்கும் ஓரளவு தனி வேலை உண்டு. 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'ட்ரிங்க் அப்' ஆகியவற்றில் வரும் 'அப்' மேலே போவதைக் குறிக்கவில்லை. முழுதாக முடிப்பதைக் குறிக்கிறது. சாப்பிட்டுவிடு, தீர்த்துவிடு என்பதில் வரும் நம் 'விடு' அது. 'ரீட் ஆன்', 'வாக் ஆன்' என்பதில் வரும் 'ஆன்', படித்துக்கொண்டே போ, நடந்துகொண்டே இரு என்பது. எல்லாச் சேர்க்கையும் இப்படி அவிழாது. அவிழ்வதை அவிழ்த்துவிட்டால் மனப்பாடம் செய்ய மிஞ்சுவது குறையும்.

ஒரே பொருளுக்கு 'போஸ்ட்போன்' இருக்க 'புட் ஆஃப்' எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. பின்னால் படித்தவர்கள் லத்தீனிலிருந்தும் ஏராளமாக எடுத்தார்கள். அதனால் ஆங்கிலத்தில் பல இடங்களில் இரட்டைச் சொற்கள்: வீட்டுக்கு ஒன்று, ஏட்டுக்கு ஒன்று. நாம் 'தொடங்கு', 'ஆரம்பி' இரண்டையும் வைத்திருப்பது போல. நாம் ஆங்கிலத்தைப் பாடநூலிலும் அலுவலகக் காகிதத்திலும் கற்பதால் ஏட்டுச் சொற்கள் முதலில் வந்துவிடுகின்றன. பொறுத்துக்கொள் என்ற பொருளில் 'டாலரேட்' தெரிந்த ஒருவர் அதே பொருள் தரும் 'புட் அப் வித்' கேட்டுத் திகைப்பது இதனால்தான். ஏட்டுச் சொல் ஒன்றைக் கற்கும்போதெல்லாம் அதன் வீட்டுச் சொல்லையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மரபுத்தொடர்களுக்கு ஒரு வார்த்தை. அவை எந்தத் தொழிலில், எந்த விளையாட்டில் பிறந்தன என்று பார்த்தால் நினைவில் நிற்கும். 'ஆன் தி பேக் ஃபுட்' என்றால் தற்காப்பில் இருப்பது; சிவாஜி பார்க்கில் ஒரு மணி நேரம் கிரிக்கெட் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. உங்கள் அமெரிக்க மேலாளர்கள் எழுதும் 'பால்பார்க் ஃபிகர்' பேஸ்பாலிலிருந்து வந்தது; தோராயமான தொகை என்று பொருள். திகைத்துப்போனதைச் சொல்லும் 'டேக்கன் அபேக்', பெரும்பாலும் என்று பொருள்படும் 'பை அண்ட் லார்ஜ்' இரண்டும் பாய்மரக் கப்பலிலிருந்து இறங்கியவை.

கப்பல் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்குப் போகும் படகுகளில் 'கேடமரான்' என்று ஒரு வகை உண்டு. நம் கட்டுமரம்தான் அது. ஆனால் இப்போது ஆங்கிலத்தில் அதன் பொருள் இரட்டை உடல் கொண்ட படகு. மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை என்ற பொருள் பின்னால் போய்விட்டது. சொல் நம்முடையதாக இருந்தாலும் பொருளை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பணம் என்ற பொருளில் வரும் 'கேஷ்' நம் காசிலிருந்து போனது என்று பலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல் வழியாக வந்தது. காசிலிருந்து பிறந்த இன்னொரு 'கேஷ்' ஆங்கிலத்தில் உண்டு. அது கிழக்கு நாடுகளின் சிறு நாணயத்தைக் குறித்தது. ஒலி ஒன்றானாலும் இரண்டும் வேறு சொற்கள்.

'பறையா' என்று நாம் ஒலிபெயர்க்கக்கூடிய ஆங்கிலச் சொல் ஒன்றும் செய்தித்தாள்களில் வரும், உலகம் ஒதுக்கிவைத்த நாடு என்ற பொருளில். பறை முழக்கிய மக்களின் பெயர் அது. ஆங்கிலேயர் அதை விலக்கப்பட்டவர் என்ற வசைப் பொருளில் ஊன்றிவிட்டார்கள். தாராவி வகுப்பில் ஒரு மாணவி இதன் பொருளைக் கேட்டபோது மறைக்காமல் வரலாற்றைச் சொன்னேன். பொருள் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சொல்லை எழுதவோ பேசவோ கூடாது என்பது என் உறுதியான கருத்து. 'ஐசொலேட்டட்' என்று எழுதினால் பொருள் முழுவதும் வந்துவிடும்.

"எனக்குத் தோன்றுகிறது", "எனக்குப் பசிக்கிறது" போன்றவற்றை ஆங்கிலத்தில் எப்படித் திருப்புவது என்ற உங்கள் கேள்விக்கு: இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் நான் என்று பொருள்படும் 'ஐ'யில்தான் தொடங்குவோம். பழைய ஆங்கிலம் நம்மைப் போலவே பேசியது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் 'மீதிங்க்ஸ்' என்ற சொல்லில் உள்ள 'மீ' நான் அல்ல, எனக்கு. சொல்லுக்குச் சொல் அது 'எனக்குத் தோன்றுகிறது' தான்.

உங்கள் கடிதத்தைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ். சம்படி மஸ்ட் ஹேவ் டேக்கன் தி ஃபைல் ஃப்ரம் மை டெஸ்க் யெஸ்டர்டே. ஐ நீட் சம் அட்வைஸ் அபவுட் ஏ ட்ரான்ஸ்ஃபர்." இரண்டாவது வரியை நீங்கள் ஊகித்ததாக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். எடுத்தவரை நீங்களே பார்த்திருந்தால் 'மஸ்ட் ஹேவ் டேக்கன்' என்பதை நீக்கிவிட்டு 'டுக்' என்று போடுங்கள். மேலாளருக்கு இன்றே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது: 'நாட் அட் ஆல், ஐ கேன் வெயிட் டில் ஏப்ரல்.'